பாக்கெட்டின் பின்பக்கம்

அந்த அக்காவோடு கடைக்குப் போக எங்கள் தெருவில் யாரும் ஆசைப்பட்டதில்லை. அரைக் கிலோ ரவையும் ஒரு பாட்டில் ஊறுகாயும் வாங்கிவர ஒரு சாயங்காலமே போய்விடும். பொருளைக் கையில் எடுப்பார். முன்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார், நேராகத் திருப்பிப் பின்பக்கத்துக்குப் போய்விடுவார். எழுத்து பொடியாக இருந்தால் கைப்பேசியில் படம் பிடித்து, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படிப்பார். கடைக்காரர் விலைச்சீட்டைச் சேர்மானங்களின் மேல் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டுவார். ஒட்டிய மடிப்புக்குள் வரி ஒளிந்திருந்தால் மடிப்பை நிமிர்த்திப் பார்ப்பார். பின்னால் நிற்கிறவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். அக்காவுக்கு அந்த நேரத்தில் காது கேட்காது.

கோயமுத்தூர் கணபதியில் அவர்கள் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த முதல் வாரம். முக்குக் கடையில் ஒரு கோதுமை ரொட்டியை எடுத்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“ஏனுங் கண்ணு, அதத் திருப்பிப் பாத்தீங்களா?”

“இல்லைங்க.”

“ஒருக்கா பாருங்க. முதல்ல என்ன எழுதியிருக்குது? ரிஃபைண்டு வீட் ஃப்ளோர். அது மைதாங்க. மைதான்னு எழுதுனா நீங்க எடுக்கமாட்டீங்கன்னு அவனுக்குத் தெரியுமல்லங்க. எது அதிகமோ அதத்தான் முதல்ல எழுதோணும், சட்டம் அப்படி. செவப்பா இருக்குதேன்னு பாக்காதீங்க, செவப்புக்குத்தான் கடைசியில ஒரு நம்பர் போட்டிருக்கானே.”

எனக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. அலுவலகத்தில் நாள் முழுக்க ஆளுக்கு ஆள் என்னைத் திருத்துகிறார்கள், ரொட்டி வாங்க வந்த இடத்திலுமா? வீம்புக்கு அந்த ரொட்டியையே வாங்கிப்போய்த் தின்றேன். தொண்டையில் இறங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே இறங்கியது. ஆனால் அடுத்த முறை கடைக்குப் போனபோது கை தானாகவே பாக்கெட்டைத் திருப்பியது. அந்த அக்காவின் வியாதி அப்படித்தான் ஒட்டும்.

கடைக்கார பாய்க்கு அவரைப் பார்த்தால் சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும். “அக்கா படியேறுனாலே எங்க கடை பாக்கெட்டெல்லாம் தானா திரும்பி நின்னுக்குதுங்க” என்பார். அக்கா சளைக்கமாட்டார். “முன்னாடி இருக்கறது அவன் சொல்றதுங்க பாய். பின்னாடி இருக்கறதுதான் அவன் ஒத்துக்கறது. நான் ஒத்துக்கறத மட்டும் படிச்சுக்கறேன்.” இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாய் கடையில், தெருக் குழாயடியில், பிறந்தநாள் விருந்தில், ஒரு முறை சாவு வீட்டில் காப்பித்தூள் பாக்கெட்டை வைத்துக்கொண்டும் சொன்னார்.

பிறந்தநாள் விருந்துகளுக்கு அவரைக் கூப்பிடுவதைத் தெருவே குறைத்துக்கொண்டது. கேக் வந்த அட்டைப்பெட்டியைக் குப்புறப் போட்டு, குழந்தைகளின் அம்மாக்கள் முன்னால் உரக்கப் படித்தால் யார்தான் கூப்பிடுவார்கள்? தெருப் பிள்ளைகள் அவரைக் கண்டால் சிப்ஸ் பாக்கெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளும். முகத்துக்கு நேரே “வாங்கக்கா” என்றவர்கள் முதுகுக்குப் பின்னால் “இன்ஸ்பெக்டரம்மா” என்றார்கள். அவருக்கும் அது தெரியும்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. அவருடைய ஒரே மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கொடுத்த ஏதோ ஒரு மஞ்சள் நொறுக்குத் தீனியைத் தின்று உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுக்குத் திணறியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன சாப்பிட்டா? கவர் இருக்கா?” கவரை இவர் பஸ் ஸ்டாண்டுக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுத் திரும்ப ஓடியிருக்கிறார். மற்ற நாளெல்லாம் எட்டிப் பார்க்காத குப்பை வண்டி அன்றைக்கென்று வந்து சுத்தமாக அள்ளிக்கொண்டு போயிருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மஞ்சளுக்குப் போடுகிற சாயமாக இருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தக் கவரும் அன்றே குப்பைக்குப் போனதில்லை. தின்று முடித்த பாக்கெட்டைத் துணி கிளிப்பால் சமையலறை ஜன்னல் கம்பியில் மாட்டிவிடுவார். மகள் தூங்கி எழுந்து, பல் துலக்கி, நன்றாக இருக்கிறாள் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கழற்றுவார். மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்த ஜன்னலைப் பார்ப்பேன். காற்றில் கவர்கள் சலசலத்துக்கொண்டிருக்கும்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. எதிர்வீட்டில் ஒரு பெண், பழச்சாறு பாட்டில் வாங்கி வைத்திருந்தார். அக்கா திருப்பிப் பார்த்தார், முந்நூறு என்று ஒரு நம்பர் இருந்தது. “இதென்னுங்க, கெமிக்கலு! பிள்ளைகளுக்கு ஊத்தாதீங்க” என்று ஒரு போடு போட்டார். அந்தப் பெண் பயந்துபோய் முழுப் பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். எனக்குச் சந்தேகம் வந்து கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். முந்நூறு என்பது வைட்டமின் சி. நெல்லிக்காயில் இருப்பது. கீழே இறங்கிப் போய், கொஞ்சம் குதூகலமாகவே, அக்காவிடம் காட்டினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு பாய் கடைக்குப் போய் அதே பழச்சாற்றை வாங்கி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். “நான் சொன்னது தப்புங்க. அது நல்ல சாமானுதான். நீங்க கொட்டுனதுக்கு இந்தாங்க” என்றார். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவர் கூச்சப்படவே இல்லை. தப்பை ஒப்புக்கொள்ள இத்தனை சத்தமாகப் பேசுகிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அன்றுதான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

அவருடைய கணவரும் கணவரின் தம்பியும் சேர்ந்து அன்னூர் ரோட்டில் ஒரு சின்ன பிஸ்கட் கம்பெனி நடத்தினார்கள். மாவு, சேர்மானம், அடுப்பு எல்லாம் தம்பி பொறுப்பு. வண்டியில் ஏற்றி டீக்கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் போடுவது அண்ணன் வேலை. ராகி பிஸ்கட்தான் அவர்கள் சரக்கில் பேர் வாங்கியது. அப்போது அதற்குக் கவர் கிடையாது. டப்பாவில் போகும், டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் உட்காரும். உடைசல் மட்டும் வீட்டுக்கு வரும், ஒரு பெரிய எவர்சில்வர் போசிப் பாத்திரம் நிறைய.

கணவருக்குச் சர்க்கரை வியாதி. அக்கா அவர் வாய்க்குக் கட்டிய காவல் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளைச் சோறு கிடையாது, டீயில் சர்க்கரை கிடையாது, கடையில் விற்கிற ஓட்ஸைக்கூட வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் வாங்குவார். அந்த மனுசன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டார். சாயங்காலம் வெறும் டீயை நீட்டும்போது மட்டும் அக்காவுக்கு மனசு கேட்காது. “வெறும் டீய எப்படிங்க குடிப்பாரு, பாவம். ராகிதானுங்களே, தின்னுட்டுப் போகட்டும்” என்று போசியைத் திறந்து ஒரு கை அள்ளித் தட்டில் வைப்பார்.

சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் திட்டினார். அக்கா இன்னும் வெறியாகப் படிக்க ஆரம்பித்தார். ஊறுகாய் போனது, சாஸ் போனது, ஓட்ஸும் போனது. போசி மட்டும் அதே பலகையில் இருந்தது. செருப்பு கடித்து ஒரு புண் வந்தது, ஆறவில்லை. முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள். வண்டி ஓட்டுகிற கால் அது.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில், கம்பெனி கொஞ்சம் பெரிதாகி, சூப்பர்மார்க்கெட்டுகளுக்குப் போட அச்சடித்த பாக்கெட் வந்தது. முதல் பாக்கெட்டைத் தம்பி தட்டில் பூவோடு கொண்டுவந்து, அண்ணன் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். முன்பக்கத்தில் ராகிக் கதிர், மண்பானை நிறைய நாட்டுச்சர்க்கரை, ஒரு ஏர்கலப்பை. அக்கா விளக்கேற்றப் போனவர், பழக்க தோஷத்தில் அதைத் திருப்பிவிட்டார்.

மாடிப்படியில் அவர் ஏறிவந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் கையில் பாக்கெட்டைத் திணித்தார்.

“நீங்க படிங்க கண்ணு. என்ற கண்ணுல ஏதோ கோளாறு.”

படித்தேன். ரிஃபைண்டு வீட் ஃப்ளோர். அடுத்தது சர்க்கரை. அதற்கடுத்துப் பாமாயில். ராகி மாவு நாலாவதாக வந்தது. நாட்டுச்சர்க்கரை எல்லாம் தாண்டி, உப்புக்கு முந்தின இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் நிறத்துக்கு ஒரு நம்பர். ராகி நிறம் ராகியிலிருந்து வரவில்லை.

“இன்னொருக்கா படிங்க” என்றார். இன்னொரு முறை படித்தேன்.

“ஏங்க்கா, இத்தனை நாளா நீங்க இதக் கேக்கவே இல்லையா?”

“கேட்டனே. ஆரம்பத்துலயே கேட்டேன். ‘ராகியும் நாட்டுச்சர்க்கரையும்தானுங்க அண்ணி’ன்னு தம்பி சொன்னாரு.” பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “பாக்கெட்டுன்னா திருப்பிப் பாக்கலாங்க. நம்ம ஊட்டு ஆளத் திருப்பிப் பாக்க முடியுங்களா?”

ஊரிலிருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவர், சொந்த வீட்டு போசியைச் சந்தேகப்படவில்லை. கவர் இருப்பதைத்தான் படிக்க வேண்டும், கவர் இல்லாமல் வருவது நம்முடையது என்று நினைத்துவிட்டார். எங்கள் பக்கம் பாதிப் பேருடைய கணக்கு இதுதான். பிஸ்கட்தான் அந்தக் காலைத் தின்றது என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அக்கா அப்படித்தான் நம்பினார். தன் கையால் அள்ளி வைத்ததாயிற்றே.

அன்று சாயங்காலமே கொழுந்தனாரை வரச்சொன்னார். “நீங்களும் கூட இருங்க கண்ணு” என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார். அவர் ஒன்றும் வில்லன் மாதிரி வரவில்லை. நெற்றியில் திருநீறு, கையில் அண்ணனுக்கு ஒரு சீப்பு செவ்வாழை.

“இது என்னுங்க தம்பி?” என்று பாக்கெட்டை முன்னால் வைத்தார் அக்கா.

“ஏனுங்கண்ணி, பிரிண்டிங் நல்லா வரலீங்களா?”

“ராகின்னு சொன்னீங்களே.”

“ராகியும் இருக்குதுங்களே. வெறும் ராகியப் போட்டா பிஸ்கட் நிக்குமுங்களா, உதிந்து போயிருமல்லங்க. ஊரே இப்படித்தான் போடுது.”

“உங்கண்ணன் அதத் தின்னுதானே...”

“அண்ணி, அண்ணனுக்குக் குடுங்கன்னு நான் சொன்னனுங்களா? உடைசல் வீணாப் போகுதேன்னு அனுப்புனேன். இப்பவும் நான் எதை மறைச்சேன் சொல்லுங்க. எல்லாமே பின்னாடி போட்டிருக்குது. சட்டப்படி போட்டிருக்குது. படிக்கறவங்க படிச்சுக்கட்டும்.”

கொழுந்தனார் குரலை உயர்த்தவே இல்லை. ஒத்துக்கொள்வதை மட்டும் படிப்பேன் என்று சொல்லித் திரிந்தவரிடம், அவர் ஒத்துக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான். அக்கா திரும்பிப் பார்த்தார். கட்டிலிலிருந்து கணவர்தான் பேசினார்.

“உடு அம்மணி. தின்னது நானு. தம்பிகிட்ட எதுக்குச் சத்தம் போடற? இனி நம்ம சோத்துக்கும் பிள்ளை படிப்புக்கும் அவந்தானே பாக்கோணும்.”

அது உண்மை. வண்டி ஓட்ட முடியாத அண்ணனின் குடும்பத்துக்கு மாதா மாதம் அந்தக் கம்பெனியிலிருந்துதான் வந்தாக வேண்டும். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வெளியே ஒரு வார்த்தை பேசினால் அந்தப் பிஸ்கட் விழும், பிஸ்கட் விழுந்தால் இந்த வீடும் விழும். அக்கா அந்தப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதை ஜன்னலில் மாட்டுவார் என்று பார்த்தேன். மாட்டவில்லை.

கொழுந்தனார் கெட்டிக்காரர். தெருவே யாரைப் பார்த்துப் பாக்கெட்டை ஒளித்ததோ, அவர் முகத்துக்கு என்ன மதிப்பு என்று இவருக்குத்தான் சரியாகத் தெரிந்தது. “அண்ணி படம் போட்டா நம்ம ஏரியாவுல ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாங்க” என்றாராம். அக்கா மறுக்கவில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கையில் பாக்கெட்டோடு வாசலில் நின்றார். படம் எடுக்க வந்தவர், “அக்கா, திருப்பாதீங்க, முன்பக்கம் தெரியட்டும்” என்று பல முறை சொல்ல வேண்டியிருந்தது. விரல் பழகிப்போனதல்லவா. அடுத்த அச்சில் ஏர்கலப்பை போய், அக்கா வந்துவிட்டார். படத்துக்குக் கீழே ஒரு வரி: ‘திருப்பிப் பார்த்து வாங்கும் அம்மாக்களுக்காக.’ அதை எழுதினவனை எனக்கு இன்றைக்கும் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் வந்தது. மண்டபத்தில் தாம்பூலப் பைக்குள் தேங்காயோடு இந்தப் பிஸ்கட்டையும் போட்டுக் கொடுத்தார்கள். பந்தி முடிந்து எல்லோரும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோது, எதிர்வீட்டுப் பெண், அந்தப் பழச்சாற்றுக்காரர், பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

“அக்கா, எங்கப்பனுக்குச் சர்க்கரை நெம்ப ஜாஸ்தி. ராகின்னு போட்டிருக்குது. குடுக்கலாங்களா? நீங்க சொன்னாச் சரி.”

அக்கா பாக்கெட்டை வாங்கினார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் கணவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். இரண்டு வரிசை தள்ளிக் கொழுந்தனார் யாருடனோ பேசிக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். சாவு வீட்டில்கூட வாயை மூடாதவர்.

“குடுங்க” என்றார். “நம்ம ஊட்டுதுதானுங்க.”

பாக்கெட்டைத் திருப்பவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பு விடுகிற இடத்தில் அந்தப் பெண்ணை நிறுத்தி, “உங்கப்பாவுக்கு அதைக் கொடுக்காதீங்க, மைதாவும் சர்க்கரையும்தான் இருக்குது, பின்னாடி படிச்சுப் பாருங்க” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அவியளே சொல்லீட்டாங்க, நீங்க யாருங்க நடுவுல? அன்னைக்கு ஒரு சின்னத் தப்புக்கு ஊடு தேடி வந்து சொன்னவிய. அவிய வார்த்தை எனக்குப் போதும்.”

சொந்தத் தப்பைத் தெருவில் நின்று ஒப்புக்கொண்டு ஒரு மனுசி சேர்த்த நம்பிக்கை, இந்தப் பிஸ்கட்டுக்கு விளம்பரமாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு அக்கா மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர் இடத்தில் நான் என்ன கிழித்திருப்பேன் என்ற கேள்வியும் வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

பிறகு எனக்குப் பெருந்துறைக்கு மாற்றல் வந்தது. வீட்டைக் காலி செய்தேன். போன வருசம் ஒரு வேலையாகக் கோயமுத்தூர் வந்தபோது எட்டிப் பார்த்தேன். வீடு பெரிதாகியிருந்தது, புது டைல்ஸ். சமையலறை ஜன்னல் கம்பியில் கிளிப்புகள் மட்டும் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. மகள் வேலைக்குப் போய்விட்டாளாம்.

“வாங்க கண்ணு, எத்தன நாளாச்சு” என்று கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் இளைத்திருந்தார். டீ போட்டார். கணவருக்குச் சர்க்கரை இல்லாத டீயும், ஒரு கிண்ணத்தில் பொட்டுக்கடலையும் கொண்டுபோய் வைத்தார். எனக்கு முன்னால் ஒரு தட்டில் பிஸ்கட்டைப் பிரித்து வைத்து, மீதிப் பாக்கெட்டை மேசையில் வைத்தார்.

“அவருக்கு பிஸ்கட் வைக்கலீங்களா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

“அவருக்கு வேண்டாங்க” என்றார்.

நான் பேச்சை மாற்ற ஏதோ சொல்லிக்கொண்டே பாக்கெட்டை எடுத்தேன். கை தானாகத் திருப்பியது. அவர் ஒட்டிவிட்ட வியாதிதான் அது. முதல் வரியில் என் கண் விழுவதற்குள், அக்கா எட்டி என் கையிலிருந்து பாக்கெட்டை வாங்கினார். பிடுங்கவில்லை, பதமாகத்தான் வாங்கினார். முன்பக்கம் மேலே வருகிற மாதிரி மேசையில் வைத்து, உள்ளங்கையால் ஒரு முறை நீவிவிட்டார்.

“அது எதுக்குங் கண்ணு, சாப்புடுங்க” என்றார்.

பாக்கெட்டில் பட்டுச்சேலை கட்டிய அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தேன். ருசியாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன பிஸ்கட்.